ஆமைக்கு நாள் பார்த்தவள்

பிழைப்புக்காகக் கடல் தாண்டுகிறவருக்கும், ஆமை பார்க்கக் கடல் தாண்டுகிறவளுக்கும் அம்மன் வித்தியாசம் பார்ப்பாளா? இந்தக் கேள்வியைப் பூசாரியிடம் கேட்டுவிட்டேன். கணவரிடம் கேட்டுவிட்டேன். மருந்துக்கடையில் ஆள் வராத மதிய நேரங்களில் என்னிடமே பலமுறை கேட்டுக்கொண்டேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை. கிடைக்காமலேயே பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இதுவே பெரிய செய்தி. கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான்.

நாங்கள் மூன்று பேர். பெரம்பலூரில் வாடகை வீடு. நான் பார்மசி படித்துவிட்டு டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். கணவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பொக்லைன் ஓட்டுகிறார். காலையில் கறுப்பாகப் போகிறவர் மாலையில் வெள்ளையாகத் திரும்பி வருவார், புருவம்கூட வெளுத்திருக்கும். மகளுக்கு ஏழு வயது. வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

சுரங்கத்தில் மண்ணை வாரும்போது கல்லாகிப்போன சிப்பிகள் வரும். அரியலூர்க்காரர்களுக்கு அது அதிசயமில்லை. ஒருகாலத்தில் இங்கே கடல் இருந்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். உடைந்து கிடந்த சிப்பி ஒன்றை அவர் ஒருநாள் டிபன் பாக்ஸில் போட்டுக் கொண்டுவந்து பாப்பாவிடம் கொடுத்தார். அவள் அதை மோந்து பார்த்தாள்.

"இங்க கடலா இருந்துச்சு? இப்ப எங்கப்பா போச்சு?"

"நம்ம ஊரு வெயில் தாங்காம கெளம்பிப் போயிடுச்சு."

"ஆமையெல்லாம்?"

"அதுவும் பின்னாடியே போயிருச்சு."

"எங்க?"

அவர் கிழக்கே கையைக் காட்டினார். "ஜெயங்கொண்டம் தாண்டி, ரொம்ப தூரம்."

விளையாட்டாகச் சொன்னார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு என் போனைத் திறந்தாலே ஆமை வீடியோதான். ஒன்றில், பசுமாட்டைப்போல் பெரிய ஆமை, முதுகில் ஓட்டுக்குப் பதிலாகத் தோல் போர்த்தியது, கரையேறி வந்து மணலைத் தோண்டி முட்டையிட்டது. அதன் கண்ணிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டே இருந்தது.

"ஏம்மா அழுவுது?"

உடம்பில் சேர்ந்த உப்பைக் கண்வழியாக வெளியேற்றுகிறது என்று படித்துச் சொன்னேன்.

"இல்ல, அதுக்கு வலிக்குது," என்றாள்.

ஐப்பசியில் கணவருக்கு ஓமனிலிருந்து விசா வந்தது. அங்கேயும் சுண்ணாம்புக்கல் சுரங்கம்தான், இதே வேலைதான், சம்பளம் மட்டும் வேறு. பங்குனியில் கிளம்ப வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம். நடுவில் லீவு கிடைக்குமா என்பது போன பிறகுதான் தெரியும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. நான் பிறந்த பூலாம்பாடியில் தெருவுக்குப் பாதிப்பேர் வெளிநாட்டில் இருப்பார்கள். என் அப்பாவும் அப்படி இருந்தவர். அவர் ஊருக்கு வரும் நாட்களில் என்ன பேசுவதென்று தெரியாமல் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அவர் வாங்கி வந்த பொம்மையைவிட அவரைப் பார்த்தால்தான் எனக்குக் கூச்சமாக இருக்கும். பாப்பா அப்படி ஒரு கதவுக்குப் பின்னால் நிற்கக்கூடாது. ஒரு வாரம், மூன்று பேரும் ஒரே இடத்தில், வேறு வேலை இல்லாமல் இருந்துவிட வேண்டும். அவள் பெரியவளாகிற வரைக்கும் சொல்லிக்கொள்ள ஏதாவது ஒன்று அந்த வாரத்தில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அவரும் அதையே நினைத்திருப்பார்போல. "போறதுக்கு முன்னால எங்கயாச்சும் போயிட்டு வருவோம். பாப்பா, எங்க போலாம் சொல்லு?" என்றார்.

"ஆமை வர்ற எடத்துக்கு."

"நாகப்பட்டினத்துலயே ஆமை வரும்டா. காலையில போயி சாயங்காலம் வந்துரலாம்."

"அது சின்ன ஆமை. எனக்குப் பெருசு வேணும். அழுவுற ஆமை."

அந்தப் பெரிய ஆமை எங்கே வருகிறது என்று தேடினேன். அந்தமான் தீவுகள் என்று வந்தது. கணவர் சிரித்தார். "அந்தமானா? எங்க தாத்தா காலத்துல திருடுனவனத்தான் அங்க அனுப்புவாங்க." நான் சிரிக்கவில்லை. அப்போதே மனதுக்குள் திட்டம் போட ஆரம்பித்திருந்தேன்.

எனக்குப் பயம் அதிகம் என்பதால் திட்டமும் நன்றாக வரும். எது எது கெட்டுப்போகலாம் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்க்கிற புத்தி, ஒரு பயணத்துக்கு ரொம்பவே உதவுகிறது. சென்னையிலிருந்து தீவின் தலைநகருக்கு விமானம். அங்கிருந்து வடக்கே ஒருநாள் முழுக்கச் சாலை. நடுவில் காடு, அதில் வண்டிகளை வரிசையாகச் சேர்த்து அனுப்புவார்கள், எங்கும் இறங்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அங்கே வாழ்கிற பழங்குடி மக்களை வேடிக்கை பார்க்கக் கூடாது என்று பாப்பாவுக்கு முன்பே சொல்லிவைத்தேன். பிறகு வண்டியோடு படகில் ஏறி நீரைக் கடக்க வேண்டும். அலையாத்திக் காடு, அதில் முதலை. சாயங்காலம் கிளிகள் கூட்டமாக வந்து அடைகிற ஒரு குட்டித் தீவு. வடக்குக் கோடியில் ஆமை கரையேறும் மணல். வனத்துறையினர் முட்டைகளை வேலி போட்டுக் காத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். இதையெல்லாம் படிக்கப் படிக்க, போகாமலே பாதி ஊர் எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விடுதியின் நம்பர் கிடைத்தது. எனக்குத் தெரிந்த இந்தியில் பேசத் தொடங்கினேன். இரண்டு சொல்லுக்குள் எதிர்முனை கண்டுபிடித்துவிட்டது.

"தமிழா? சொல்லுங்க தங்கச்சி. எந்த ஊரு?"

"பெரம்பலூர்ங்க."

"திருச்சி பக்கமா? எங்க தாத்தாவுக்கு ராமநாதபுரம். நான் இங்கயே பொறந்தவன். ஊரப் பாத்ததே இல்ல."

"அந்தப் பெரிய ஆமை கண்டிப்பா வருமாங்க?"

"தங்கச்சி, ரூமுக்கு நான் கேரண்டி. ஃபேனுக்கு நான் கேரண்டி. ஆமைக்கு நான் எப்படிச் சொல்றது? ஆனா மாசி பொறந்ததும் வந்துருங்க. அதுக்கப்புறம் கொறஞ்சிரும்."

"முதலை இருக்குன்னு சொல்றாங்களே?"

"இருக்கு. போர்டு வச்சிருப்பாங்க. போர்டு வச்ச எடத்துல தண்ணியில எறங்காதீங்க."

"போர்டு இல்லாத எடத்துல?"

"அங்கயும் எறங்காதீங்க."

எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. என்னை மாதிரியே யோசிக்கிறார்.

அடுத்தது டாக்டர். பாப்பாவுக்கு வீசிங் உண்டு. இப்போது ரொம்பக் குறைவு, ஆனால் பனி நாளில் இழுக்கும். இன்ஹேலர், அதை மாட்டி மூச்சிழுக்கிற குழாய், அவசரத்துக்கு மாத்திரை எல்லாவற்றையும் இரண்டிரண்டாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டே, "சிமெண்ட் லாரி ஓடுற ரோட்டுல டெய்லி கூட்டிட்டுப் போறீங்க, அதுக்குப் பயப்படல. கடல் காத்துக்கு இவ்வளவு பயப்படுறீங்களேம்மா?" என்றார். வெளியே வந்த பிறகுதான் அது திட்டா ஆறுதலா என்று யோசித்தேன். ஆறுதல் என்றே வைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் லீவு சொன்னேன். மழை இல்லாத மாதமா என்று பார்த்தேன். பரீட்சை இல்லையே என்று பார்த்தேன். கிளம்புகிற நாள் அஷ்டமி நவமி இல்லாமல், கரிநாள் இல்லாமல், ராகுகாலம் முடிந்த பிறகு வாசலைத் தாண்டுவதுபோல் பார்த்தேன். மாசி முதல் வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பி, அடுத்த வாரத் திங்கட்கிழமை திரும்புவதுபோல் டிக்கெட் போட்டேன். மாற்ற முடியாத டிக்கெட். இத்தனை பார்த்த நான், பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் பார்க்கவில்லை.

தை மாதம் ஒருநாள் காலை, கடையில் நிற்கும்போது அண்ணி போன் செய்தார். அண்ணி என்பது கணவரின் அக்கா. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் கணவரின் சொந்த ஊரிலேயே கட்டிக்கொடுத்து அங்கேயே இருப்பவர். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, நாலைந்து பெண்களை வைத்து முந்திரிக்கொட்டை உடைக்கிறார். மாமியார் மாமனார் இல்லாத வீட்டில், எங்களுக்கு ஊர் என்றால் அண்ணிதான்.

"ஏ புள்ள, ஊர்க்கூட்டம் போட்டாச்சு. இந்த வருசம் திருவிழாவப் பங்குனி வரைக்கும் இழுக்கல. மாசி ரெண்டாஞ் செவ்வா காப்பு. அதுக்கடுத்த செவ்வா பால்குடம். நீ குடம் எடுக்கணும்ல, மொத நாளே வந்துரு."

நான் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தேன்.

பாப்பாவுக்கு மூன்று வயதானபோது வீசிங் முற்றித் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். நான் மருந்து படித்தவள். எந்த மருந்து ஏறுகிறது, எவ்வளவு நேரத்தில் கேட்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால் பயம் குறையவில்லை. அவளுடைய விலா எலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, 'ஆத்தா, இவ மூச்ச சரி பண்ணிக் குடு, உன் திருவிழாவுல பால்குடம் எடுக்குறேன்' என்று கணவர் ஊர் அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சொன்னது. அவள் தேறினாள். ஆனால் அந்த வருடமே கோயிலைப் பிரித்துக் கட்டும் வேலை தொடங்கியது. திருப்பணி முடிகிறவரை திருவிழா கிடையாது என்று ஊரில் முடிவு செய்தார்கள். வருடங்கள் போயின. இந்தத் தையில்தான் கும்பாபிஷேகம் நடந்தது. அதன்பிறகு வருகிற முதல் திருவிழா இது. எப்போதும்போல் பங்குனிக் கடைசியில் வரும், அதற்குள் திரும்பிவிடுவோம் என்றுகூட நான் நினைக்கவில்லை. அது என் நினைவிலேயே இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மன் திருவிழாவில் காப்புக் கட்டுவதுதான் தொடக்கம். அன்று மஞ்சள் கயிற்றைக் கோயிலில் கட்டிவிட்டால், அந்த நேரம் ஊருக்குள் இருப்பவர்கள் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டி வெளியே போய்த் தங்கக் கூடாது. காப்புக்கு முன்பே வெளியே போய்விட்டவர்களை அது கட்டாது. ஆனால் பால்குடம் எடுப்பவர்கள் அதே நேரத்தில் தங்கள் கையிலும் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிய நாளிலிருந்து விரதம். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஏதோ ஒரு தீவில் முதலை போர்டைப் படித்துக்கொண்டிருப்பேன்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அவர் முகம் கழுவிக்கொண்டே, "ஒண்ணு பண்ணு. கேன்சல் பண்ணிரு. இல்ல, நீ இரு, நானும் பாப்பாவும் போயிட்டு வரோம்," என்றார். முதல் வழியில் மூன்று பேரும் போகவில்லை. இரண்டாவது வழியில் நான் மட்டும் போகவில்லை. அவருக்கு இரண்டும் சுலபமாக இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

பக்கத்தில் சிப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பாப்பா கேட்டாள்: "அம்மா வரலன்னாலும் ஆமை வரும்ல?"

அவர் வாயில் துண்டை வைத்துக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து நானும் சிரித்தேன்.

அண்ணியிடம் போனிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் அவர் ஊருக்குப் போனோம். அண்ணி கொட்டகையில் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். முந்திரித்தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும் என்பதால் எல்லோர் கையிலும் விளக்கெண்ணெய் மினுமினுத்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாம்மா, அந்தமான் மகாராணி. தள்ளி உக்காரு, எண்ணெ தெறிக்கும். ஆமை முட்டை போட நாள் பாத்திருக்க. ஆத்தாவுக்கு நாள் பாக்கலியே?"

கூட இருந்த பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள்.

"மறந்துட்டேன் அண்ணி."

"மறக்கல புள்ள. மறக்குறதுன்னா மொதல்ல ஞாபகம் இருக்கணும். எங்க ஊரு உன் கணக்குலயே இல்ல."

அது சுருக்கென்று தைத்தது, உண்மையாக இருந்ததால். கணவர் குறுக்கே வந்தார். "அக்கா, அவள ஏன் சொல்ற? டிக்கெட்டு போட்டது நானு."

"பொய் சொல்லாதடா. ஒனக்குக் கரண்ட் பில்லு கட்டத் தெரியாது, நீ ப்ளேன் டிக்கெட்டு போட்டியா?"

மறுபடியும் சிரிப்பு. இந்தமுறை நானும் சேர்ந்துகொண்டேன். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வா, பூசாரியக் கேப்போம். நான் ஒண்ணு சொல்லி, அது தப்பாப் போயி, நாளைக்கு அந்தப் புள்ளைக்குத் தும்மல் வந்தாக்கூட என்னையத்தான் சொல்லுவ."

கோயில் புது பெயிண்ட் வாசனையோடு இருந்தது. பூசாரி கணவரைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்; பள்ளிக்கூடத்தில் ஒன்றாக விளையாடியவர்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"குடம் எடுக்கிறவங்க காப்பு கட்டறப்ப ஊருக்குள்ள இருக்கணும். அது பழைய மொறை. ஆனா சிங்கப்பூரு, துபாய்னு போயிட்டவங்க வேண்டுதல் நெறய நின்னு போச்சு. அப்பறம் ஊர்ல பேசி ஒரு வழி வச்சோம். அவங்க பேர்ல ஒரு குடம் வாங்கி, கையில கட்டுற காப்ப அந்தக் குடத்துக் கழுத்துல கட்டிருவோம். வூட்ல ஒருத்தங்க வெரதம் இருந்து அந்தக் குடத்த எடுக்கணும். கோயிலப் பிரிக்கறதுக்கு முன்னாடி நடந்த திருவிழாவுல இந்தப் பக்கச் செவுரு நெடுக குடந்தான்."

"அப்ப எனக்கும் அப்படிக் கட்டலாமாங்க?"

அவர் தயங்கினார். "அது பொழைக்கப் போனவங்களுக்காக வச்சதும்மா. நீங்க சுத்திப் பாக்கப் போறீங்க."

"தப்புங்களா?"

"தப்புன்னு நான் சொல்லல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. யாராச்சும் கேட்டிருந்தா ஒரு பதிலு இருந்திருக்கும். நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க, நான் கட்டுறேன்."

நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. பூசாரி காட்டிய சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையடித்த, ஒன்றுமில்லாத சுவர். அடுத்த வருடத் திருவிழாவில் அந்தச் சுவரோரம் அவர் பேரிலும் ஒரு குடம் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு நடப்பவள் நானாக இருப்பேன், பாப்பா என் சேலையைப் பிடித்துக்கொண்டு வருவாள். அவரும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். பாப்பாவைப் பக்கத்தில் இழுத்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் பொதுவாக ஒரு முடிவை எடுத்தால் அதை மூன்றுமுறை திருப்பி எடுப்பேன். அங்கே அப்படி ஆகவில்லை. "குடத்துலயே கட்டிருங்க. நாங்க மூணு பேரும் போறோம்," என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.

"சரி, கட்டிரலாம்," என்றார் பூசாரி. "வெரதம் யாரு?"

அதை நான் யோசிக்கவே இல்லை. எல்லோரும் அண்ணியைப் பார்த்தோம்.

"நீங்கதான் அண்ணி."

"கேக்குறா பாரு! பஸ்ல சீட்டுப் புடிச்சு வைக்கச் சொல்ற மாதிரி." அண்ணி முந்தானையை இழுத்துச் செருகினார். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "இருக்கேன். ஆனா நான் இங்க கஞ்சி குடிச்சுக்கிட்டு, நீ அங்க நண்டு உறிஞ்சிக்கிட்டு இருக்குறதுன்னா நடக்காது. காப்பு கட்டுன நேரத்துலேருந்து நீயும் வெரதந்தான். மீனு, நண்டு, றாலு எதையும் தொடக் கூடாது."

"சரி அண்ணி."

"நானுமா?" என்றார் கணவர், நிஜமான கவலையோடு.

"நீ என்னாத்த வேண்டிக்கிட்ட? நீ தின்னு. ஆனா இவ முன்னாடி வச்சுக்கிட்டுத் தின்னா, ஆத்தா பாத்துக்குவா."

திரும்பி வரும் வழியில், பைக்கில் எனக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த பாப்பா, ஆமை மீன் தின்னுமா என்று கேட்டாள். அந்தப் பெரிய ஆமை ஜெல்லி மீனைத் தின்னும் என்றேன். "அப்ப அதுக்கு வெரதம் இல்ல," என்று முடிவு செய்தாள்.

வீட்டுக்கு வந்ததும் விடுதிக்காரருக்கு மறுபடியும் போன் செய்தேன். சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டேன்.

"தங்கச்சி, சுத்தி கடல வச்சுக்கிட்டு சைவமா?"

"வேண்டுதல்ங்க."

"அப்பச் சரி. பருப்பு இருக்கு. உருளைக்கிழங்கு இருக்கு. காய்கறி லோடு வந்தா கத்திரிக்காயும் இருக்கும். தனிச் சட்டியில செஞ்சு தரச் சொல்றேன்."

இப்போது வேலைகள் வேகமாக நடக்கின்றன. இன்ஹேலரை எப்படிக் கொடுப்பது என்று கணவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். தலையணையை மடியில் படுக்கவைத்து அதற்கு மருந்து கொடுத்துப் பழகினார். பாப்பா தலையணைக்காக இருமினாள். உப்புத் தண்ணீரில் நனைந்தாலும் சீக்கிரம் காய்கிற துணிகளாக எடுத்துவைத்தேன். ஆமைக்கு வெளிச்சம் ஆகாது, போன் லைட் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, அது திரும்பிப் போய்விடும் என்று பாப்பாவுக்குச் சொன்னேன். அவள் இப்போதே வீட்டில் கிசுகிசுவென்றுதான் பேசுகிறாள். ஆமை வராமலும் போகலாம் என்றும் சொல்லிவைத்தேன். "வராட்டி நாம அங்க இருந்தோம்னு அதுக்குத் தெரியும்ல," என்றாள். அப்படியெல்லாம் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். விட்டுவிட்டேன்.

நடுநடுவே பயம் வரத்தான் செய்கிறது. காப்புக் கட்டும் நேரத்தில் பாப்பாவுக்கு இழுத்தால், அது கடல் காற்றால் வந்ததா, நான் அங்கே நிற்காததால் வந்ததா என்று என் மனம் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். படித்தவள் என்பதால் அந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஆனால் அப்போது மருந்து என் கையில் இருக்கும், அவர் பக்கத்தில் இருப்பார், தலையணைக்குக் கொடுத்துப் பழகிய கையும் இருக்கும். போகிறோம். அதில் மாற்றமில்லை.

போன வாரம் பித்தளைக் குடம் வாங்கிப் போய் அண்ணியிடம் கொடுத்தேன். காப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் அண்ணி வீட்டில் அடுப்பில் சாம்பாரும் கீரையும்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு இல்லாமல் அண்ணியின் வீட்டை நான் பார்த்ததே இல்லை.

"இப்பயே ஆரம்பிச்சிட்டீங்களா அண்ணி?"

"பழகணும்ல. திடீர்னு நிறுத்துனா கனவுல மீனு வரும்." குடத்தை வாங்கி விரலால் சுண்டிப் பார்த்தார். புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, சாமி மாடத்துக்குக் கீழே வைத்தார். இடுப்பில் வைத்துப் பார்த்தார், பிறகு தலையில் வைத்துப் பார்த்தார். கொட்டகைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "எந் தம்பி பொண்டாட்டிக் குடம். நான்தான் எடுக்குறேன்," என்று அவர்களிடம் சொன்னபோது அந்தக் குரலில் என்னைக் கேலி செய்கிற தொனி இல்லை. பெருமைபோல ஏதோ ஒன்று இருந்தது.

புதுச் சிக்கல் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் திங்கட்கிழமை சென்னையில் இறங்கி, அன்றிரவே ஊருக்கு வந்துவிடுவோம். பால்குடம் மறுநாள் காலை. அதாவது குடம் எடுக்கும் நேரத்தில் நான் ஊரில்தான் இருப்பேன், தீவில் விரதமும் இருந்திருப்பேன். குடத்தை யார் தலையில் வைப்பது?

வேண்டிக்கொண்டது என் வாய். அந்த மருத்துவமனையில் நின்றவள் நான். குடத்தை நான் வாங்கிச் சுமப்பதுதான் முறை என்று ஒரு மனம் சொல்கிறது. ஆனால் எனக்காக ஒரு வாரத்துக்கும் மேலாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர், ஊரிடமெல்லாம் சொல்லிவைத்தவர், கடைசி நேரத்தில் அத்தனை பேர் முன்னால் குடத்தை இறக்கி என்னிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நடக்க வேண்டுமா? அண்ணிக்கு அது நிம்மதியாக இருக்குமா, அவமானமாக இருக்குமா? கணவரிடம் கேட்டேன். "ரெண்டு குடம் வாங்கிரு," என்றார். அண்ணியிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன். "மொதல்ல நல்லபடியாப் போயிட்டு வந்து சேரு," என்றார். ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் அதைச் செய்திருப்பேன்.

இதைப் படிக்கிறவர்களில், தனக்காக வேறொருவர் விரதம் இருந்து, குடம் எடுக்கும் நாளில் தானும் வந்து சேர்ந்தவர் யாராவது இருக்கலாம். அல்லது அண்ணியின் இடத்தில் இருந்தவர் இருக்கலாம். அவர் சொல்வது எனக்கு இன்னும் முக்கியம். குடத்தை நான் வாங்கிக்கொள்வதா? அண்ணியே சுமக்கட்டும் என்று பாப்பாவோடு பின்னால் நடப்பதா? எது சரி என்று எழுதுங்கள். தீவின் வடக்கே போன பிறகு சிக்னல் இருக்காது. ஆனால் திங்கட்கிழமை சென்னையில் இறங்கி ஜெயங்கொண்டம் பஸ்ஸில் உட்கார்ந்ததும், போனைத் திறந்து முதலில் உங்கள் பதிலைத்தான் படிப்பேன்.